இதர விஷயங்கள்

அக்டோபர் மாதத்தின் முதல் சனிக்கிழமை. கோபன்ஹேகன் நகரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் கடற்கரையில் குளிர்காலக் குளியல் தொடங்கும் நாள். சோல்வை தன் சாவி வில்லையைக் குளியல் துறையின் கதவில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்திருக்க வேண்டும். சிவப்பு எரிந்தது. வில்லையைக் கோட்டில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

அந்தக் குளியல் துறையை எல்லோரும் 'கூடை' என்றுதான் சொல்வார்கள். கடலுக்குள் தூண்களின் மேல் வட்டமாக நிற்கும். சுற்றிலும் நெருக்கமான மரச்சட்டங்கள். யாரோ பெரிய கூடை ஒன்றைத் தண்ணீரில் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனது போலிருக்கும். கோடையில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

சோல்வை அந்தச் சங்கத்தில் சேர்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கதவு அவளை மறுத்தது இதுவே முதல் தடவை.

கதவு உள்ளிருந்து திறந்தது. ஹெல்கே வெளியே வந்தார். எண்பதை நெருங்கும் மனிதர், தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் பழைய குளியல் அங்கி, கீழே சிவந்துபோன வெறுங்கால்.

"என்ன சோல்வை, கதவுக்கு உன்மேல கோபமா?"

"வில்லை கெட்டுப்போச்சு போல."

"வில்லை கெடல. உன் பேரு கெட்டுப்போச்சு. ரெண்டு வருஷமா கூட்டு வேலை நாளுக்கு நீ வரல. தலைவி லிஸ்பெத் உன் பேரை எடுத்துட்டா."

சோல்வை வில்லையைக் கோட்டுப் பையில் போட்டாள்.

"நான் உன்னை உள்ள விட்டுடுவேன். அப்புறம் லிஸ்பெத் என்னைத் தண்ணிக்குள்ளயே விட்டுடுவா" என்று சொல்லிச் சிரித்தார் ஹெல்கே. "தோர்கில் எப்படி இருக்கான்? பஸ் ஓட்டுறதை விட்டுட்டானாமே?"

"விட்டாச்சு. வீட்ல உட்கார்ந்திருக்கான்."

"பஸ் ஓட்டினப்பவும் உட்கார்ந்துதானே இருந்தான்."

அது அவர் எப்போதும் சொல்கிற மாதிரியான வேடிக்கைதான். சோல்வையும் எப்போதும்போல உதட்டை விரித்துக் காட்டினாள். அவளுடைய கணவன் தோர்கில் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பது ஹெல்கேவுக்குத் தெரியாது. ஹெல்கேவுக்கு மட்டுமல்ல, அந்தக் கடற்கரையில் யாருக்கும் தெரியாது.

*

சோல்வை மேற்குக் கரையின் மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் தலைநகரத்துக்கு வந்து, பள்ளிக்கூடப் பல் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தாள். பயந்து நடுங்கும் பிள்ளைகளின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. ஒரு பிள்ளையிடமும் அவள் 'வலிக்காது' என்று பொய் சொன்னதில்லை. 'வலிக்கும், ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்' என்பாள். இன்றைக்கும் கடைத்தெருவில் நரைத்த தலையோடு யாராவது அவளைப் பார்த்துவிட்டுத் தன்னையறியாமல் வாயை மூடிக்கொள்வதுண்டு.

தோர்கிலை அவள் சந்தித்தது பேருந்தில். அவன் ஓட்டுநர். மழை கொட்டிய ஒரு சாயங்காலம் அவள் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தம் வரை வந்துவிட்டாள். கடைசி நிறுத்தம் கடற்கரை. 'எறங்குறதா இருந்தா குளிச்சிட்டுத்தான் போகணும், இங்க வேற ஒண்ணும் கெடையாது' என்றான் அவன். அவள் இறங்கினாள். அவனும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். அவர்களுடைய வாழ்க்கை அந்தத் தண்ணீரில்தான் தொடங்கியது. பிள்ளைகள் பிறக்கவில்லை. அதற்காக இருவரும் ஒருநாள் மட்டும் அழுதார்கள், தனித்தனி அறையில். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் காலையில் இருவரும் சேர்ந்து கடலில் இறங்குவது மட்டும் நிற்கவே இல்லை.

பின்னால் நகராட்சி போட்டி வைத்து, நல்ல கட்டடக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கரையை மாற்றியது. மணல் கொட்டினார்கள். புல்மேடுகள் எழுப்பினார்கள். அகலமான சிமெண்டுப் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. நகரத்தின் இரைச்சல் அந்த மேடுகளைத் தாண்டி வராது. பெஞ்சுகளைக்கூட ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள், ஒன்றில் உட்கார்ந்தவர் கண்ணில் இன்னொன்றில் உட்கார்ந்தவர் படாதபடி. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அங்கே போய் ஒருவன் நாள் முழுக்க அழுதாலும் யாருக்கும் தொந்தரவு இருக்காது.

கூடையும் அப்போது கட்டியதுதான். சங்கத்தில் சோல்வையின் பெயர் மட்டும்தான் இருந்தது; தோர்கில் அவளுடைய விருந்தாளியாகவே வந்துபோனான். உள்ளே ஆவியறை இருக்கிறது. கடலுக்குள் இறங்கும் ஏணிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலி தண்ணீர் வரை போவதற்குக் கைப்பிடி வைத்த ஒரு சாய்தளமும் இருக்கிறது. அங்கே யாரும் துணி உடுத்துவதில்லை. யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதுமில்லை. லிஸ்பெத்தின் வயிற்றில் இருக்கும் அறுவை சிகிச்சைத் தழும்பு எவ்வளவு நீளம் என்று சோல்வைக்குத் தெரியும். அது எதற்காகச் செய்தது என்று தெரியாது. அவள் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. இருவரும் அதைத்தான் நட்பு என்று நினைத்தார்கள்.

லிஸ்பெத்தான் இப்போது சங்கத் தலைவி. ஓய்வு பெற்ற நூலகர். அவளும் சோல்வையும் ஆவியறையின் மேல்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்துக் கழித்த காலைகள் எத்தனையோ இருக்கும்.

*

தோர்கிலுக்கு முதலில் பிடி தளர்ந்தது. காப்பிக் கோப்பை கை நழுவி விழுந்தது. பிறகு கால். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்து கிடையாது என்று மருத்துவமனையில் சொன்னது ஒரு செப்டம்பர் மாதம். அந்த வாரக் கடைசியில்தான் சங்கத்தின் கூட்டு வேலை நாள். பலகைகளைத் தேய்த்து எண்ணெய் பூசுவது, பாசி சுரண்டுவது, எல்லோரும் சேர்ந்து சூப் குடிப்பது. சோல்வை போகவில்லை. அடுத்த செப்டம்பரில் தோர்கில் மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தான். அப்போதும் போகவில்லை.

வர முடியாது என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும். சங்க விதியில் அதற்கு இடம் இருந்தது. எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மேலும் மேலும் கேட்பார்கள். தோர்கில் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"நான் இப்படி ஆனது ஊருக்கெல்லாம் எதுக்கு? அவங்க அவங்களுக்கு ஆயிரம் இருக்கு" என்றான்.

லிஸ்பெத் இரண்டு முறை கைபேசியில் செய்தி அனுப்பினாள். 'நல்லா இருக்கியா?' என்று. 'நல்லா இருக்கேன்' என்று சோல்வை பதில் போட்டாள். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று லிஸ்பெத் நினைத்தாள். சோல்வைக்குத் தங்கள் மேல் சலிப்பு வந்துவிட்டது, ஒதுங்க நினைக்கிறாள், விட்டுவிட வேண்டும் என்று தனக்குள்ளே முடிவு செய்துகொண்டாள். சோல்வையின் வீடு அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் போய் ஒரு வீட்டின் மணியை அடிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

இந்த இலையுதிர் காலம் தொடங்கியபோது தோர்கில் ஓர் ஆசையைச் சொன்னான். நோய் வந்த பிறகு அவன் கேட்ட ஒரே ஆசை.

"இன்னும் ஒரு தடவை கடல்ல எறங்கணும். கழுத்து வரைக்கும். அப்புறம் ஆவியறையில உன் பக்கத்துல உட்காரணும். அது போதும்."

வீட்டுக்கு வரும் செவிலிப்பெண் மெட்டேயிடம் சோல்வை கேட்டாள். மெட்டே முப்பது வயதுக்காரி, வாயாடி, தோர்கிலை 'ஓட்டுநரே' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு நிமிஷம் தண்ணியில, ஒடனே சூட்டுல. அப்படின்னா செய்யலாம்" என்றாள் மெட்டே. "ஆனா சூடான அறை பக்கத்துலயே இருக்கணும். நாற்காலி தண்ணி வரைக்கும் போகணும். என் லீவு நாள்ல நான் வரேன். ஓட்டுநரே, நீங்க துணியில்லாம இருக்கிறதை நான் தினமும்தான் பாக்கறேன், அன்னிக்கு வெட்கப்படக் கூடாது."

"நீ உன் துணியைக் கழட்டும்போது நான் கண்ணை மூடிக்கறேன். இப்ப என்னால நல்லா செய்ய முடிஞ்ச வேலை அது ஒண்ணுதான்" என்றான் தோர்கில்.

அப்படி இரண்டும் சேர்ந்த இடம் அந்தக் கரையில் கூடை ஒன்றுதான். மணல் மேல் நாற்காலி போக நகராட்சி போடும் மரப்பாதையைச் செப்டம்பரிலேயே சுருட்டி எடுத்துவிடுவார்கள். மே மாதம்தான் திரும்பப் போடுவார்கள். தோர்கிலுக்கு மே மாதம் வராது என்பது மூவருக்கும் தெரியும்.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரத்தான் சோல்வை அந்தச் சனிக்கிழமை தனியாகப் போனாள். கதவு சிவப்பு காட்டியது.

*

அன்று மாலையே லிஸ்பெத்துக்குப் பேசினாள்.

"உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றாள் லிஸ்பெத். அதில் உண்மையான சந்தோஷம் இருந்தது. பிறகு விஷயத்தைக் கேட்டதும் குரல் தாழ்ந்தது. "எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, சோல்வை. நம்பு. ஆனா விதி அப்படி. அந்த விதியைக் கொண்டுவந்ததே நீதானே."

அதுவும் உண்மைதான். சும்மா வந்து சூட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்ட ஒரு வருடம், பொதுக்குழுவில் எழுந்து நின்று சோல்வைதான் பேசினாள். தொடர்ந்து இரண்டு வருடம் சொல்லாமல் வேலைக்கு வராதவர் பெயரை எடுத்துவிட வேண்டும், யாராக இருந்தாலும் சரி என்றாள். காரணம் கேட்கப் போனால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அதனால் கேட்கவே வேண்டாம் என்றாள். எல்லோரும் கை தூக்கினார்கள்.

"ஒரே ஒரு தடவை உள்ள வரணும். அவ்வளவுதான்" என்றாள் சோல்வை.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம்னு ஒனக்கே தெரியும். வர்ற வியாழக்கிழமை பொதுக்குழு இருக்கு. வந்து பேசு. பேச விடுவாங்க." போனை வைக்காமல் அவளே தொடர்ந்தாள். "சோல்வை, ஏதாவது சொல்லணும்னு இருந்தா என்கிட்ட சொல்லலாம்."

படுக்கையில் தோர்கில் கண்ணை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் சோல்வை.

போனை வைத்ததும் தோர்கில் சொன்னான். இப்போதெல்லாம் அவனுக்கு ஒரு வாக்கியம் முடிக்க இரண்டு மூச்சு வேண்டும்.

"போய்ப் பேசு. ஆனா என் நோயைத் தூக்கிக்கிட்டுப் போய் அங்க பிச்சை எடுக்காதே. உனக்கு உரிமை இருந்தா வாங்கிட்டு வா. இல்லாட்டி விட்டுடு."

"தோர்கில், ஒரு வார்த்தைதான். சொன்னா கதவைத் திறந்துடுவாங்க."

"திறப்பாங்க. எல்லாரும் ஆவியறையை விட்டு எறங்கி வெளிய நிப்பாங்க. பாவம்னு தரையைப் பாப்பாங்க. நான் அப்படிக் குளிக்கவா ஆசைப்பட்டேன்? சத்தியம் பண்ணு கெழவி."

அவனுடைய விரல்கள் அவள் கையைப் பிடிக்க முயன்றன. முடியவில்லை. அவள்தான் அவற்றை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தைச் செய்யும்போது அவளுடைய நெஞ்சு எப்படிப் பிளந்திருக்கும் என்று நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

*

பொதுக்குழு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. தகரக் குடுவைகளில் காப்பி. வாதுமை தூவிய பெரிய பன் இரண்டு. எல்லோரும் அவளைப் பார்த்ததும் தலையசைத்தார்கள். யாரும் எங்கே இவ்வளவு நாளாகக் காணோம் என்று கேட்கவில்லை. அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம்.

தலைவியின் அறிக்கை, வரவு செலவு, ஆவியறை அடுப்புக்குப் புதிய கல் வாங்குவது, பேசாமல் உட்கார வேண்டிய நேரத்தில் கிசுகிசுப்பவர்களை என்ன செய்வது. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் விவாதம் சூடு பிடித்தது.

"ஹெல்கே கிசுகிசுக்கறதில்ல, கத்தறான். அதுக்கு விதி கெடையாது" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"எனக்குக் காது கேக்கல. எனக்கே கேக்காதது ஒனக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றார் ஹெல்கே. கூடம் சிரித்தது.

கடைசியாக, 'இதர விஷயங்கள்'. சோல்வை எழுந்தாள். பேசுவதற்கு முன்பே அவளுடைய கழுத்து சிவந்துவிட்டது.

"என் பேரை எடுத்துட்டீங்க. விதிப்படிதான் எடுத்திருக்கீங்க. நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்ல. இந்தக் குளிர்காலம் மட்டும் என்னை உள்ள வர விடணும். ஒரு விருந்தாளியோட. ஒரு நாள் விட்டாலும் போதும்."

முன்வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன், சங்கத்துக்குப் புதியவன், மரியாதையோடு கை தூக்கினான்.

"எனக்கு உங்க மேல ஒண்ணும் கெடையாது. உங்களை எனக்குத் தெரியாது. ஆனா நான் ஆறு வருஷம் காத்திருந்து உள்ள வந்தேன். யாருக்கும் தனிச் சலுகை இல்லைங்கறதுதான் இந்தச் சங்கத்துல எனக்குப் பிடிச்சதே."

சிலர் மெதுவாகத் தலையாட்டினார்கள். லிஸ்பெத் தன் முன்னால் இருந்த காகிதத்தைச் சரிசெய்தாள். அவள் சோல்வையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சோல்வை, உனக்கே தெரியும். இதர விஷயங்கள்ல பேசலாம், முடிவு எடுக்க முடியாது. முடிவு வேணும்னா ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும். அடுத்த பொதுக்குழு வசந்தத்துல. அப்ப எழுதிக் கொடு, நானே முதல் ஆளா கை தூக்கறேன்."

வசந்தத்தில். சோல்வைக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. என் புருஷனுக்கு வசந்தம் கெடையாது. அந்த ஒற்றை வரிதான். அதைச் சொன்னால் அந்தக் கூடமே எழுந்து நிற்கும், அந்த இளைஞன்தான் முதலில் எழுந்து நிற்பான். நல்ல மனிதர்கள்தான் அத்தனை பேரும். அவள் வாயைத் திறந்தாள். தன் கைக்குள் கிடந்த உயிரற்ற அந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து, கோட்டு மாட்டும் இடத்தில் லிஸ்பெத் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். எதையோ கேட்க வந்தவள்தான். கண்ணில் தெரிந்தது.

"சோல்வை, வீட்ல ஏதாவது..." என்று ஆரம்பித்தாள். பிறகு கையை விரித்தாள். "வேண்டாம். அது உன் சொந்த விஷயம்."

"பன் நல்லா இருந்துச்சு" என்றாள் சோல்வை.

*

மெட்டே தன் விடுமுறை நாளில் சொன்னபடி வந்தாள். கூடை இல்லை என்றதும் சங்கத்தாரைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. 'நானே போய்ச் சொல்லிடறேன்' என்று இரண்டு முறை கிளம்பினாள். ஆனால் நோயாளி வேண்டாம் என்று சொன்னால் அவளும் வாயைத் திறக்கக் கூடாது. அது அவள் வேலையின் விதி. சிமெண்டுப் படிகள் பக்கம் போய்ப் பார்ப்போம் என்றாள்.

படிகளின் மேல்வரிசை வரை நாற்காலி போனது. அதற்குக் கீழே ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், உட்கார்ந்து வெயில் காய்வதற்காகக் கட்டியது. கீழ்ப்படிகளில் பச்சையாகப் பாசி. கிழக்குக் காற்று அலைகளைத் தூக்கி அடித்தது. மெட்டே இறங்கிப் பார்த்தாள், வழுக்கி உட்கார்ந்தாள், முழங்கால் சிராய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"ஓட்டுநரே, இதுல உங்களைத் தூக்கிட்டு எறங்கினா மூணு பேரும் சேர்ந்து எதிர்க்கரையில இருக்கற ஸ்வீடனுக்குப் போய்ச் சேருவோம்."

"எனக்கு அங்க யாரையும் தெரியாது" என்றான் தோர்கில்.

சோல்வை காரிலிருந்து வாளியை எடுத்தாள். உடைகளைக் களைந்தாள். அந்தக் காற்றில், அந்த வயதில், தன்னந்தனியாகப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியை நிரப்பினாள். ஏறி வரும்போது பாதி சிந்திவிட்டது. மிச்சத்தை அவன் காலடியில் வைத்து, காலுறைகளைக் கழற்றி, அந்த வெளுத்த பாதங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள்.

தோர்கில் குனிய முடியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தான்.

"இது கடல் இல்ல கெழவி. சூப்பு."

மெட்டே சிரித்தாள். சோல்வையும் சிரித்தாள், பற்கள் கிட்டிக்க. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவனுடைய தாடை நடுங்கத் தொடங்கியது. கால் விரல்கள் நீலமாகிவிட்டன. மெட்டே சட்டென்று வாளியை உதைத்துத் தள்ளி, போர்வையைச் சுற்றினாள். கூடையின் மரச்சட்டங்களுக்கு மேலே ஆவியறைப் புகைபோக்கியின் சூடு காற்றில் நெளிந்தது. உள்ளேயிருந்து யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது. சட்டங்களுக்கு இடையே ஒரு உருவம் நின்று இவர்கள் பக்கம் பார்த்தது. பார்த்துவிட்டு, குளிக்கிறவர்களை வெறித்துப் பார்ப்பது அநாகரிகம் என்று தெரிந்த உருவமாதலால், திரும்பிக்கொண்டது.

"போதும்" என்றான் தோர்கில். "வீட்டுக்குப் போலாம்."

காரில் அவள் அவனுடைய பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவை சூடாகவே இல்லை.

டிசம்பர் தொடக்கத்தில், ஜன்னலில் கிறிஸ்துமசுக்கான முதல் மெழுகுவத்தி ஏற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, தோர்கில் தூக்கத்திலேயே போய்விட்டான்.

*

பத்திரிகையில் வந்த சிறிய அறிவிப்பைப் பார்த்துத்தான் கடற்கரைக்குத் தெரிந்தது. 'நீண்ட நாள் நோயை அமைதியாகத் தாங்கி' என்று அதில் இருந்தது. நீண்ட நாள். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு ஹெல்கே தேவாலயத்தில் கடைசி வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டினபோதும் உட்கார்ந்துதானே இருந்தான் என்று தான் சொன்னதை நினைத்தாரோ என்னவோ, சோல்வையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டு, தொப்பியைப் போடாமலே வெளியே போனார். சங்கத்தின் பெயரில் மலர் வளையம் வந்திருந்தது. பெரியது.

ஒரு வாரம் கழித்து லிஸ்பெத் செய்தி அனுப்பினாள். எப்போது வந்தால் வசதிப்படும் என்று கேட்டிருந்தாள். புதன்கிழமை நான்கு மணி என்று சோல்வை பதில் போட்டாள். ஏலக்காய் பன் சுட்டாள். சரியாக நான்கு மணிக்கு மணி அடித்தது.

லிஸ்பெத் கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

"ஏன் சொல்லல? சோல்வை, ஏன் எனக்குக்கூடச் சொல்லல?"

"நீ கேக்கல."

"கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன். உனக்குப் பிடிக்காதுன்னு."

"பிடிச்சிருக்காதுதான்" என்றாள் சோல்வை. "ஆனாலும் கேட்டிருக்கலாம்."

காப்பி ஊற்றினாள். லிஸ்பெத் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். நிர்வாகக் குழு கூடியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பொதுக்குழுவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஒரு முறை, விதிக்கு விலக்காக, சோல்வையைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. அந்த இளைஞன் தன் இடத்தையே விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லி அழுதுவிட்டான்.

"நாளைக்குக் காலையிலேயே வா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். மேல்பலகையில உன் இடம் அப்படியே இருக்கு."

ஆக, விலக்கு என்று ஒன்று இருந்திருக்கிறது. அதைத் திறக்க ஒரு பிணம் தேவைப்பட்டிருக்கிறது. சோல்வை ஜன்னலைப் பார்த்தாள். இந்த வீட்டில் இப்போது காலையில் எழுப்ப ஆளில்லை, திட்ட ஆளில்லை. அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்தச் சூட்டில், அந்தப் பலகையில், யாராவது ஒருவரின் தோள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கியது. ஆனால் இப்போது சரி என்று சொன்னால், தோர்கில் எதை வேண்டாம் என்றானோ அதைத்தான் செய்ததாக ஆகும். அவனைக் காட்டி வாங்கியதாக ஆகும்.

"விதி விதிதான்" என்றாள். "பட்டியல்ல கடைசியில என் பேரைப் போடு. மத்தவங்க மாதிரி நானும் காத்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். 'பைத்தியமா உனக்கு, எழுந்திரு, வா' என்று லிஸ்பெத் சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டும். நாளைக் காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணியை அடித்துக்கொண்டே நிற்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யாராவது ஒருவர் அவள் சொன்னதைக் கேட்காமல் இருக்க வேண்டும். அதற்காக அவள் காத்திருந்தாள்.

லிஸ்பெத் நீண்ட நேரம் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, அவள் தோளில் கை வைத்தாள். மிக மெதுவாக, கனமே இல்லாமல்.

"உன் முடிவை நான் மதிக்கறேன், சோல்வை."

கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள். பன் ரொம்ப நன்றாக இருந்தது என்றாள். கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.